ஆணிப்பருந்து

இந்த முறை அக்டோபர் 30ஆம் தேதி வந்தது, வியாழக்கிழமை. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வேனை வழக்கம்போல பாகூர் ஏரிக்கரைக்குக் கீழே புளியமரத்தடியில் கொண்டுவந்து போட்டேன். இறங்கியதும் நான் முதலில் பார்ப்பது மூன்றாவது மின்கம்பத்தைத்தான். ஐப்பசி பிறந்த நாளிலிருந்து அது வெறும் கம்பமாக நின்றுகொண்டிருந்தது. அன்று அதன் தலையில், நனைந்த செங்கல் நிறத்தில், புறா அளவுக்கு ஓர் உருவம். பைனாகுலரைக்கூட எடுக்கவில்லை. டிபன் பாக்ஸை சீட்டில் வைத்துவிட்டு வீட்டுக்கு போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே மனைவி கேட்டாள்: “வந்துடுச்சா?”

எனக்குப் பள்ளி வேன் ஓட்டுவது தொழில். காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பி சேலியமேடு, குருவிநத்தம், சோரியாங்குப்பம் என்று சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒன்பது மணிக்குள் இறக்கிவிட வேண்டும். திரும்ப மூன்றரைக்குப் போனால் போதும். நடுவில் ஆறு மணி நேரம். வீட்டுக்குப் போய்வந்தால் டீசல் செலவு, அதனால் ஏரிக்கரையிலேயே இருந்துவிடுவேன். ஆரம்பத்தில் தூங்கினேன், அப்புறம் செல்போன். 2019 கார்த்திகையில் ஒரு நாள் கண்ணாடி வழியாக ஒரு பறவை நடுவானத்தில் அசையாமல் நிற்பதைப் பார்த்தேன். அன்றோடு தூக்கம் போனது.

அதற்குப் பெயர் வைத்தது என் வேனில் வந்த மூன்றாம் வகுப்புப் பெண். சாயங்கால ட்ரிப்பில் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, “மாமா, அங்க பாருங்க, அந்தப் பருந்த யாரோ ஆணி அடிச்சு மாட்டி வெச்சிருக்காங்க!” என்றாள். அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு, சைக்கிளில் போகிறாள். பெயர் மட்டும் வேனிலேயே தங்கிவிட்டது. புதிதாக ஏறும் எல்.கே.ஜி. பிள்ளைக்குக்கூட அது ஆணிப்பருந்துதான்.

பறவை நூல்களில் இதற்குச் சிற்றெழால் என்று பெயர். எழால் என்பது சங்கப் பாட்டிலேயே இருக்கிற சொல். ஆங்கிலத்தில் கெஸ்ட்ரல். உண்மையில் இது பருந்து வகையே கிடையாது, ராஜாளிக் குடும்பம். பருந்தும் ராஜாளியும் பங்காளிகள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், வளைந்த மூக்கு, கூரிய நகம் எல்லாம் ஒன்றுபோல இருப்பதால். 2008இல் பறவைகளின் மரபணுக்களைப் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது ராஜாளிகளுக்கு நெருங்கிய சொந்தம் கிளிகளும் பாடும் பறவைகளும்தான் என்று தெரிந்திருக்கிறது. அதைப் படித்த அன்று சாயங்காலம் வேனில் சொன்னேன். ஒரு பையன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “அப்ப அது கிளிக்கு அண்ணனா மாமா?” என்றான். தூரத்துப் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள் என்றேன்.

எங்கள் கம்பத்துக்கு வருவது பெண். முதுகு முழுக்கச் செங்கல் பழுப்பு, அதில் குறுக்கே கறுப்புப் பட்டைகள். வாலிலும் பட்டைகள். மார்பு வெளிறிய சந்தன நிறம், மேலே மையில் தொட்டு இழுத்ததுபோல் கீற்றுகள். கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்பு மீசை இறங்கும். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், காலும் மஞ்சள். ஆணுக்குத் தலையும் வாலும் சாம்பல் நிறம், வால் நுனியில் ஒரே ஒரு அகலமான கறுப்புப் பட்டை. இத்தனை வருஷத்தில் ஆணை இங்கே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், இரண்டும் போகிற போக்கில். ராஜாளிகளில் பெண்தான் பெரியது. பெரியது என்றாலும் எவ்வளவு? சராசரியாக 200 கிராமுக்குள். அரை லிட்டர் பால் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், அதில் பாதிகூட இல்லை. இறக்கையை விரித்தால் இரண்டரை அடி வரும். அந்த எடையையும் அந்த அகலத்தையும் சேர்த்து நினைத்தால்தான் அது காற்றில் செய்கிற வேலை புரியும்.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாகூரிலிருந்து கடல் கிழக்கே ஆறேழு கிலோமீட்டர். தை மாசக் காலையில் இங்கே இலை அசையாது. வயலில் பனி கிடக்கும், கரிச்சான் மட்டும் கம்பிக்கும் வரப்புக்கும் போய்வந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் எழால் பறக்காது, கம்பத்தில் உட்கார்ந்துதான் பார்க்கும். பத்தரை, பதினொன்றுக்கு மேல் கடல் பக்கமிருந்து கொண்டல் எழும்பும். முதலில் ஏரிக்கரைப் பனை ஓலைகள் சலசலக்கும், பிறகு கோரைப்புல் படுக்கும். அடுத்த ஐந்து நிமிஷத்தில் அது கம்பத்தை விட்டுக் கிளம்பிவிடும்.

கிளம்பி கிழக்கே திரும்பிக்கொள்ளும். காற்று எந்த வேகத்தில் எதிரே வருகிறதோ அதே வேகத்தில் அது முன்னால் பறக்கும். ஓடுகிற வாய்க்காலில் எதிர்நீச்சல் போட்டுக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும் கெளுத்தி மாதிரி. பார்க்கிற நமக்கு நிற்பதுபோல் தெரியும், அது பறந்துகொண்டே இருக்கிறது. காற்று கொஞ்சம் தளர்ந்தால் இறக்கை படபடவென்று அடிக்கும், வால் விசிறியாக விரியும். காற்று கூடினால் இறக்கையைப் பாதி மடக்கிக்கொள்ளும், அடிப்பதைக்கூட நிறுத்திவிடும். வாலும் இறக்கையும் ஒவ்வொரு நொடியும் மாறிக்கொண்டே இருக்கும். தலை மட்டும் அசையாது. எதிரே இருந்த பனைமரத்தின் ஒரு மட்டையை அடையாளம் வைத்துக்கொண்டு பைனாகுலரில் அதன் மூக்கையே பார்த்தேன். மட்டைதான் ஆடியது, மூக்கு ஆடவில்லை. உடம்பு ஒரு சாண் முன்னும் பின்னும் போனால் கழுத்து நீண்டும் சுருங்கியும் அதைச் சரிசெய்துவிடுகிறது. கீழே பத்துப் பதினைந்து மீட்டரில் புல்லுக்குள் அசைகிற ஒரு சுண்டெலியைப் பார்க்க வேண்டுமென்றால் கண் அசையக் கூடாது. கண்ணை நிறுத்துவதற்காக மொத்த உடம்பும் உழைக்கிறது.

அந்தக் கண்ணின் பின்திரையில், பார்வை மிகக் கூர்மையாக விழும் குழி நமக்கு ஒன்றுதான். இதற்கு ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு. கண் பெரியது, ஆனால் மண்டைக்குள் அதிகம் சுழலாது, அதனால் எதைப் பார்ப்பதானாலும் தலையைத்தான் திருப்ப வேண்டும். கம்பத்தில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று தலையை மேலும் கீழும் இரண்டு மூன்று தடவை ஆட்டும். கடையில் பேரம் படிந்ததும் தலையாட்டுவதுபோல் இருக்கும். அது தூரம் அளக்கிறது. அந்தத் தலையாட்டலைப் பார்த்தால் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், ஏனென்றால் அடுத்தது பாய்ச்சல்.

எலியின் மூத்திரத் தடம் புற ஊதா வெளிச்சத்தில் தெரியும், எழால் அதைப் பார்த்துத்தான் எலி எங்கே நடமாடுகிறது என்று கண்டுபிடிக்கிறது என்று ஒரு கதை எல்லா இடத்திலும் இருக்கும். 1995இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் சோதனை செய்து எழுதியதிலிருந்து வந்த செய்தி அது. நானும் பிள்ளைகளிடம் ரொம்ப ஆசையாகச் சொன்னேன். 2013இல் ராஜாளி, பருந்துகளின் கண்ணை அளந்து பார்த்தவர்கள், கண்ணின் லென்ஸே புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது, அந்தத் தடம் அதற்குத் தெரிவதற்கு வாய்ப்பு குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். அது தெரிந்ததும் அடுத்த நாளே வேனில் திருத்திச் சொன்னேன். எட்டு வயசுப் பிள்ளைக்குத் தப்பாகச் சொன்னதைத் திருத்தாமல் விட்டால் அது எண்பது வயசு வரைக்கும் கூடவே போகும்.

ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பொங்கல் முடிந்து சம்பா அறுவடை ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் இருந்த வயலை முந்தின நாள்தான் மெஷின் அறுத்துவிட்டுப் போயிருந்தது. தாளடி அரை முழம் நின்றது, நடுவில் வைக்கோல் வரிசை. வெயில் ஏறி, காற்று எழும்பி, பதினொன்றேகாலுக்கு அது கிளம்பியது. வயலின் தென்கிழக்கு மூலையில் ஒரு நிறுத்தம், எண்ணினேன், பன்னிரண்டு எண்ணும்வரை. பிடிக்கவில்லை. சரிந்து ஒரு வளையம் சுற்றி, இருபது அடி தள்ளி மறுபடி நிறுத்தம். மூன்றாவது இடத்தில் தலை நேர் கீழே குனிந்தது. நேராக விழும் என்றுதான் நினைப்போம், விழாது. ஒரு பனை உயரத்திலிருந்து அரைப் பனைக்கு இறங்கி அங்கே மறுபடி நின்றது. பிறகு தென்னங்கன்று உயரத்துக்கு. அங்கே ஒரு நொடி. அதன் பிறகுதான் இறக்கையை முதுகுக்கு மேலே தூக்கிக்கொண்டு, இரண்டு காலையும் முன்னால் நீட்டி, தாளடிக்குள் போனது. சத்தம் எதுவும் கேட்கவில்லை.

எழும்பி வந்தபோது வலது காலில் ஒரு சுண்டெலி தொங்கியது. மூன்றாவது கம்பத்துக்குத்தான் வந்தது. ராஜாளிக்கு மேல் அலகின் ஓரத்தில் பல் மாதிரி ஒரு முனை உண்டு. பருந்து நகத்தால் இறுக்கிக் கொல்லும், ராஜாளி கழுத்தின் பின்பக்கத்தில் அந்த முனையால் ஒரே கடி. அதைப் பைனாகுலரில் பார்த்தேன், குனிந்து நிமிர்ந்தது, அவ்வளவுதான். தலையிலிருந்து தொடங்கியது. ஏழு நிமிஷம். முடிந்ததும் அலகைக் கம்பத்தின் இரும்பில் இரண்டு பக்கமும் தேய்த்துத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் வயலைப் பார்க்க ஆரம்பித்தது.

எல்லாத் தடவையும் கிடைக்காது. அன்றைக்கே அடுத்த ஐந்து பாய்ச்சலில் ஒன்றில்தான் ஏதோ கிடைத்தது, வெட்டுக்கிளியாக இருக்கும், பறந்துகொண்டே காலைத் தூக்கிக் கடித்துத் தின்றது. கிடைத்ததும் நிலைக்காது. காக்கா இரண்டு சேர்ந்து வந்து பிடுங்கப் பார்க்கும், கரும்பருந்து மேலேயிருந்து இறங்கும். ஒரு தடவை காக்கா வாலைப் பிடித்து இழுத்தபோதுதான் இதன் குரலை நான் கேட்டேன்: கீ கீ கீ கீ என்று, மரத்துச் சக்கரம் சுற்றுவதுபோல. இங்கே வந்திருக்கும் மாசங்களில் வாயே திறக்காத பறவை அது.

காற்றில் நிற்பது செலவு பிடித்த வேலை. கம்பத்தில் உட்கார்ந்து பார்ப்பதைவிட அதில் இரை நிறையக் கிடைக்கும், ஆனால் உடம்பில் சேர்த்ததை எரித்துவிடும். அதன் சொந்த ஊரில் குஞ்சு பொரித்திருக்கும் காலத்தில் ஆண் எழால் நாளெல்லாம் இப்படி நின்று வேட்டையாடும், ஏனென்றால் ஐந்தாறு வாய்க்குத் தேட வேண்டும். குளிர்காலத்தில் தன் வயிற்றுக்கு மட்டும் என்பதால் பெரும்பாலும் கம்பத்தில் இருந்தே சமாளித்துவிடும். என் நோட்டில் பாதிப் பக்கங்களில் “உட்கார்ந்திருந்தது” என்பதைத் தவிர வேறு எதுவும் இருக்காது. எனக்கு அதுவும் பிடிக்கும். எனக்கும் பகலில் பாதி உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

காற்றில் நிற்கும் பறவை எல்லாம் எழால் இல்லை. வயல்பக்கம் வெள்ளையும் சாம்பலுமாக, சிவந்த கண்ணோடு, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றால் அது கருந்தோள் பருந்து. ஏரித் தண்ணீருக்கு மேலே கறுப்பும் வெள்ளையுமாக நின்று தலைகீழாகக் குதித்தால் மீன்கொத்தி. பழுப்பாக, நீண்ட வால் விசிறி விரித்து, காற்றைப் பார்த்துத் திரும்பி நின்றால் இது.

கம்பத்தடியில் கிடக்கும் உருண்டைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தின்றதில் செரிக்காத மயிர், எலும்பு, பூச்சி ஓடு எல்லாவற்றையும் வயிற்றிலேயே உருட்டி, வாய் வழியாகக் கக்கிவிடும். கட்டைவிரலின் மேல் கணு அளவு, சாம்பல் நிறம், ஒரு முனை கூர்மை. நாற்றம் கிடையாது. டிசம்பரில் ஒன்றை எடுத்து நெருப்புப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். மகள் ஆறாம் வகுப்பு. பின்வாசலில் உட்கார்ந்து கொட்டாங்கச்சியில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, ஊக்கால் பிரித்தோம். முதலில் வந்தது மயிர், ஈரக் கம்பளி மாதிரி பின்னிக்கொண்டு, சுண்டெலி நிறம். அதற்குள்ளே அரிசிக் குருணை அளவில் ஒரு தாடை எலும்பு, அதில் வளைந்த மஞ்சள் பல் ஒன்று அப்படியே இருந்தது. வண்டின் இறக்கை ஓடுகள் நாலைந்து, தண்ணீர் பட்டதும் பச்சையாக மின்னின. வெட்டுக்கிளியின் தாடைகள். கடைசியில் செதில் செதிலாக ஒரு துண்டுத் தோல், அரணையோ ஓணானோ. மகள் எல்லாவற்றையும் வெள்ளைத் தாளில் வரிசையாக ஒட்டிப் பக்கத்தில் பெயர் எழுதினாள். இன்னும் எலும்பு இருக்குமென்று தேடினாள், இல்லை. கூகையின் உருண்டையில் ஒரு முழு எலிக்கூடே கிடைக்கும், இதில் கிடைக்காது. கூகை அப்படியே விழுங்கும், இது கிழித்துத் தின்னும். இதன் வயிற்றுப் புளிப்பு எலும்பையும் கரைத்துவிடும்.

அந்த மரச்சக்கரக் குரலைப் பற்றி ஒரு பெரியவர் எனக்குச் சொல்லித் தந்தார். என் வேனில் வரும் ஒரு பெண் பிள்ளையின் தாத்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். பேத்தியை ஏற்றிவிட வாசலுக்கு வந்தவரிடம் செல்போனில் படத்தைக் காட்டினேன். “அட, கிரெஸ்ரெல்!” என்றார். பாரிஸில் நோத்ர்-தாம் கோயில் கோபுரப் பொந்துகளில் இது குடியிருக்கும், தெருவில் நின்று பார்த்திருக்கிறேன் என்றார். பெரிய வெள்ளிக்கிழமையை ஒட்டிக் கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள் இல்லையா, அப்போது மரத்தாலான ஒன்றைச் சுழற்றிக் கடகடவென்று ஒலி எழுப்புவார்கள், அதற்கு பிரெஞ்சில் கிரெஸெல் என்று பெயர், இந்தப் பறவையின் குரல் அதுபோல இருப்பதால் அந்தப் பெயர் வந்தது என்றார். ஆங்கிலக் கெஸ்ட்ரலும் அந்த பிரெஞ்சுச் சொல்வழி வந்ததுதான். என் நோட்டில் அவர் கையாலேயே பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தார். எழுத்து மணிமணியாக இருக்கிறது.

கூடு கட்டத் தெரியாத பறவை இது. தெரியாது என்பதைவிட, இதன் நெருங்கிய ராஜாளிச் சொந்தங்களும் கட்டுவதில்லை. மலை இடுக்கு, கட்டடப் பொந்து, காக்கா விட்டுப்போன பழைய கூடு, இதில் எது கிடைக்கிறதோ அதில் முட்டை வைக்கும். மூன்றிலிருந்து ஆறு முட்டை. ஒரு மாசம் அடை, பெரும்பாலும் பெண்தான். அந்த மாசம் முழுக்க ஆண் வேட்டையாடிக் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். குஞ்சு பறக்க இன்னொரு மாசம். முதல் வருஷத்தைத் தாண்டுவது பாதிக்கும் குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாறைகளில் குடியிருந்து குஞ்சு பொரிக்கும் எழால்களும் உண்டு, அவை கொஞ்சம் கறுத்த வகை. நம் சமவெளிக்குக் குளிர்காலத்தில் வருவது வடக்கிலிருந்து, இமயமலையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும். பால் பாக்கெட்டில் பாதிகூட இல்லாத எடை, பாகூர் மூன்றாவது கம்பத்தைத் தேடி வருகிறது. காலில் வளையம் போட்ட பறவை இல்லை என்பதால் ஆறு வருஷமும் இதே பறவைதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வந்து உட்காருகிற கம்பம் ஒன்றுதான்.

இப்போது எலி மருந்து. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

என் அண்ணன் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறார், ஏரிக்குக் கிழக்கே. 2022 தை மாசம் எலித்தொல்லை தாங்கவில்லை. கதிர் முற்றும் நேரத்தில் பொடிப்பொடியாக வெட்டிப் போட்டிருந்தது. மருந்துக்கடையில் நீலக் கேக் கொடுத்தார்கள், வரப்பு முழுக்க வைத்தார். சில நாள் கழித்து மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கூகை செத்துக் கிடந்தது. உடம்பில் ஒரு காயம் இல்லை. முகம் அந்த வெள்ளை இதய வடிவத்தில் அப்படியே இருந்தது, மூக்கில் மட்டும் ரத்தம். அண்ணனும் நானும் சேர்ந்துதான் புதைத்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை.

அந்தக் கேக்கில் இருப்பது புரோமோடையலோன். ரத்தம் உறையாமல் செய்கிற விஷம். தின்ற எலி அன்றைக்கே சாகாது. நாலைந்து நாள் தள்ளாடிக்கொண்டு, பகலிலும் வெளியே வந்து, ஓட முடியாமல் திரியும். கொத்திப் போக அதைவிட வசதியான இரை எந்தப் பறவைக்கும் கிடையாது. எலியின் ஈரலில் இருக்கிற விஷம் அப்படியே பறவையின் ஈரலுக்குப் போகும். அங்கே மாசக்கணக்கில் தங்கும், அடுத்த எலியோடு இன்னும் கூடும். துத்தநாகப் பாஸ்பைடு வேறு மாதிரி, எலி வயிற்றிலேயே வாயுவாக மாறிச் சீக்கிரம் கொன்றுவிடும், அதைத் தின்னும் பறவைக்கு ஆபத்து ஒப்பிட்டால் குறைவு. ஆனால் அதை மனுஷன் கையாளுவது ஆபத்து, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் நினைக்கவே பயமாக இருக்கிறது.

அண்ணனிடம் நான் பொய் சொல்லவில்லை. “ஆணிப்பருந்து எல்லா எலியையும் பிடிச்சிடும்ணே” என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வயலை வெட்டுகிற பெரிய எலி இந்தப் பறவையைவிடக் கனம். இது பிடிப்பது சுண்டெலி, பெரிய எலியின் குட்டி, வெட்டுக்கிளி, வண்டு, ஓணான். பெரிய எலி கூகையின் கணக்கு. பகலுக்கு இது, ராத்திரிக்கு அது. மீதிக்கு மனுஷன் கை வேண்டும். இப்போது கதிர் வரும் முன்பே, வளையில் எலி குறைவாக இருக்கும்போதே, அக்கம்பக்கத்து நாலு வயல்காரரும் ஒன்றாகச் சேர்ந்து தஞ்சாவூர் கிட்டி வைக்க ஆள் கூப்பிடுகிறார்கள். மூங்கில் வில்லும் கயிறும்தான், விஷம் இல்லை. சாயங்காலம் வைத்து விடிகாலையில் எடுப்பார்கள், எலிக்கு இவ்வளவு என்று கூலி. ஒருத்தர் வயலில் மட்டும் வைத்தால் பயனில்லை, பக்கத்து வயலிலிருந்து வந்துவிடும். அது ஒன்றைத்தான் ஊரில் புரியவைக்க நேரம் பிடித்தது. வரப்போரத்தில் தென்னை மட்டையை நட்டுப் பறவை உட்கார இடமும் வைத்திருக்கிறார்கள். கரிச்சான் உட்காருகிறது, பனங்காடை உட்காருகிறது. எழால் இரண்டு தடவை உட்கார்ந்ததை அண்ணனே பார்த்துவிட்டு எனக்கு போன் போட்டார்.

மொரிசியஸ் தீவைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு இந்தப் பயம் கூடியது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் கூட்டிப்போன தீவு அது, நம் ஆட்கள் கட்டிய ஊர். அந்தத் தீவில் மட்டுமே வாழும் ஓர் எழால் உண்டு. காடு அழிந்தது ஒரு பக்கம், வெளியிலிருந்து வந்த குரங்கும் கீரியும் முட்டையைத் தின்றது ஒரு பக்கம், மலேரியாவுக்காக அடித்த டி.டி.டி. இன்னொரு பக்கம். டி.டி.டி. ராஜாளிகளின் முட்டை ஓட்டை மெலிதாக்கிவிடும், தாய் அடைக்கு உட்கார்ந்தாலே நொறுங்கும். 1974இல் அந்தத் தீவில் மிஞ்சியிருந்ததாகத் தெரிந்தது நாலே நாலு. உலகத்திலேயே நாலு. கார்ல் ஜோன்ஸ் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விட்டு, பல வருஷம் பாடுபட்டு நூற்றுக்கணக்கில் கொண்டுவந்தார்கள். நாலிலிருந்து மீட்க முடிந்ததே என்று சந்தோஷப்படலாம். நாலு ஆகும்வரை விட்டுவிட்டோமே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

2024இல் ஒரு பயம் வந்தது, அது மனுஷனால் வந்தது இல்லை. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்கள் தலைமேலேயே கரையேறியது. அது போதாதென்று சாத்தனூர் அணை திறந்து, டிசம்பர் 2 தென்பெண்ணை கரை புரண்டது. பாகூர்ப் பக்கம் வயலும் தெருவும் ஒன்றாகத் தண்ணீர். பள்ளி லீவு. வேனை மேட்டில் போட்டுவிட்டு வீட்டுச் சாமான்களைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தபோதும் நடுவில் அந்தக் கம்பம் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. எலி வளை எல்லாம் மூழ்கியிருக்கும், என்ன தின்னும்?

டிசம்பர் 9ஆம் தேதிதான் ஏரிக்கரைக்குப் போக முடிந்தது. கம்பத்தில் இல்லை. கரையில் கொஞ்ச தூரம் நடந்தேன். புல் எல்லாம் சேற்றில் படுத்திருந்தது. முப்பது அடி முன்னால் ஏதோ நடந்தது. அதுதான். கரைமேல் கோழி மாதிரி நடந்து, நின்று, குனிந்து, ஈர மண்ணிலிருந்து மண்புழு ஒன்றை இழுத்தது. மார்பெல்லாம் சேறு. வானத்தில் நிற்பதற்கென்றே பிறந்த பறவை காலால் நடந்து புழு பொறுக்கியது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அது என்னை ஒரு தடவை பார்த்தது, பறக்கவில்லை. மூன்று புழு, ஒரு பிள்ளைப்பூச்சி. அன்றைக்கு எழுதிய பக்கத்தில் எழுத்து கோணலாக இருக்கிறது.

இந்த வருஷம் எல்லாம் நன்றாக இருக்கிறது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு மகளும் நானும் ஏரியைச் சுற்றிக் கணக்கெடுத்தோம். எழால் என்ற வரியில் 1 என்று அவள்தான் போட்டாள். பங்குனி வரைக்கும் இருக்கும், அப்புறம் ஒரு நாள் காலையில் கம்பம் காலியாக இருக்கும்.

பார்க்க வேண்டும் என்கிறவர்கள் அதற்குள் வாருங்கள். கடலூரிலிருந்து வந்தால் முள்ளோடை தாண்டி, கன்னியக்கோயிலில் இடதுபக்கம் திரும்பி, நேரே பாகூர். புதுச்சேரியிலிருந்து வந்தால் அதே கன்னியக்கோயிலில் வலதுபக்கம். பதினொன்றுக்கு முன்னால் வந்து பிரயோஜனமில்லை, காற்று எழும்பியிருக்காது. கம்பத்துக்குக் கீழே போய் நிற்காதீர்கள், வயலுக்கு இந்தப் பக்கமே இருங்கள். பள்ளி நாளாக இருந்தால் புளியமரத்தடியில் மஞ்சள் வேன் நிற்கும். புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு வாங்கிய பைனாகுலர் என்னிடம் இருக்கிறது, ஒரு கண்ணாடியில் மட்டும் லேசாகப் பூசணம். இன்னொன்றில் நன்றாகத் தெரியும், தருகிறேன். மூன்றேகாலுக்கு நான் கிளம்ப வேண்டும்.